சுகந்தி கண்ணுக்குத் தெரிந்த வலி

“எந்தக் கை?” என்று கேட்டாள் சுகந்தி.

என் மகளிடம்தான் கேட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னை வைத்துக்கொண்டே கேட்டாள்.

மலையில், போடி மெட்டுக்கு மேலே எங்கள் குடும்பத்து ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் நடந்தது இது. மழை விட்டு, பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். விறகுச் சூட்டில் காய்ந்த காயை அப்போதுதான் தட்டுகளிலிருந்து இறக்கித் தார்ப்பாயில் கொட்டியிருந்தார்கள். சூடு ஆறுவதற்குள் தேய்த்தால்தான் நுனியில் ஒட்டியிருக்கும் காம்பு உதிரும். அது பெரியவர்களுக்கு வேலை, என் பிள்ளைகளுக்கு விளையாட்டு.

மகன் கவின் இரண்டு கையாலும் அள்ளித் தேய்த்து, “ஆத்தாடி, சுடுது! கை வெந்துபோச்சு!” என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். மகள் யாழினி ஓரமாக உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, காலால் காயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே கொட்டாவி விட்டாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த முறுக்கை எடுத்தேன்.

சுகந்தி காப்பித் தட்டோடு உள்ளே வந்தவள், தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக அவளிடம் போனாள்.

“எந்தக் கைத்தா?”

யாழினி ஒன்றும் மறுக்கவில்லை. ஸ்வெட்டர் கையை மெதுவாக மேலே இழுத்து வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது.

“எப்ப விழுந்த?”

“நேத்து சாயங்காலம். மாடிப்படியில.”

மாடிப்படி என்றால் போடியில் என் வீட்டு மாடிப்படி. நேற்று சாயங்காலம் என்றால் நான் வீட்டில் இருந்த நேரம்.

இந்த இடத்தில் ஒரு தாய் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதறிவிட்டேன், ஈரக்குலை நடுங்கியது என்று எழுத வேண்டும். அதெல்லாம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது வயிற்றெரிச்சல். இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வாசகி கேட்ட கேள்வி

சுகந்தி என் ஓரகத்தி. என் கொழுந்தனாரின் மனைவி. தோட்டத்தை அவர்கள் இரண்டு பேரும் மேலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் மகன் மதுரையில் ஹாஸ்டலில் படிக்கிறான். என் வீட்டுக்காரர் கீழே போடியில் காய் வியாபாரம் பார்க்கிறார். லீவு விட்டால் என் பிள்ளைகள் இரண்டும் சித்தி வீட்டுக்கு ஜீப் ஏறிவிடும்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு சகோதரி என் மருந்துக் கடைக்கு வந்தபோது கேட்டார்: “யக்கா, ஒங்க ஓரகத்தியப் பத்தி நல்லதா ஒரு வார்த்தகூட எழுத மாட்டேங்குறீகளே?” சரி, இந்த வாரம் எழுதிப் பார்க்கிறேன். நல்லதாக வருமா என்று எனக்கே தெரியாது.

சுகந்தி என்னைவிட அதிகம் படித்தவள். என்னைவிட நிறமாக இருப்பாள். மலைக்காட்டில் இருந்துகொண்டு சேலை கசங்காமல் கட்டுவாள். இதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். ஆனால் என் மகளின் வலி அவள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒருத்தன் கத்துவான், ஒருத்தி கம்மென்று இருப்பாள்

கவினுக்கு எறும்பு கடித்தால் தெருவுக்கே தெரியும். நகம் வெட்டினால் அலறுவான். தலைமுடி சிக்கெடுத்தால் அழுவான். ஊசி போடும் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவுக்குள் வண்டி திரும்பினாலே ஆரம்பித்துவிடுவான். சொந்தக்காரர்கள், “ஆம்பளப் புள்ள இப்படி அழுவுறானே” என்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். அவன் நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் வலிக்கிறது. அவன் முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வேர்த்துவிடும். அதை நடித்துக் காட்ட யாராலும் முடியாது.

நானும் அப்படித்தான். கண்ணில் தூசி விழுந்தால்கூட நாலு பேரைக் கூப்பிடுவேன். அதனால் கவினை எனக்கு நன்றாகப் புரியும். அவன் அழுவான், நானும் அழுவேன், இரண்டு பேரும் அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு சாப்பிடப் போவோம்.

யாழினி அவனைவிடச் சின்னவள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வராது.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் குலதெய்வம் கோயிலில் வைத்துக் காது குத்தினோம். கவின் தாய்மாமன் மடியில் துள்ளிய துள்ளலில் மாமனின் பட்டுச் சட்டை கிழிந்தது. மைக்செட்டையே மிஞ்சிவிட்டான். அடுத்து யாழினி. ஆசாரி ஒரு காதில் குத்தினார், இன்னொரு காதில் குத்தினார், எட்டிப் பார்த்தார். பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு கொட்டாவி விட்டது.

“என்னம்மா, புள்ள தூங்கப் போவுது!” என்று அவர் சிரித்தார். கூட்டமே சிரித்தது. “வீரம்மாடா இவ!” என்று மாமன் தூக்கிச் சுற்றினான். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. கவினால் போன மானம் இவளால் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் சுகந்தியும் இருந்தாள். அவள் சிரித்தாளா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

வலி விற்கிறவள்

இதில் கொடுமை என்னவென்றால், என் பிழைப்பே வலிதான். கடைத்தெருவில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். காலையில் கதவைத் திறந்ததிலிருந்து வலியோடுதான் ஆள் வருவார்கள்.

“யக்கா, பொடனி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.” “முட்டி குடையுதுத்தா.” “பல்லு சுருக்குன்னு இழுக்குது, வெரசா ஒண்ணு குடு, பஸ்சு போயிரும்.” மலையில் காய் பறிக்கப் போகிற பெண்கள் ஜீப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் வருவார்கள். அவர்களில் மலையாளம் கலந்து பேசுகிற ஒரு பெண், “பயங்கர வேதன சேச்சி” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைப்படி ஏறுகிற விதத்தைப் பார்த்தே எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். “யக்கா எப்பிடி கண்டுபிடிச்சீக?” என்று வாயைப் பிளப்பார்கள்.

ஊரில் உள்ள இடுப்பெல்லாம் தெரிந்தது. என் வீட்டில் இருக்கிற ஒரு சின்னக் கை தெரியவில்லை.

முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கவின் வழக்கம்போல ஊட்டிவிடச் சொன்னான். யாழினியும் வந்து உட்கார்ந்து, “எனக்கும் ஊட்டிவிடும்மா” என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. கேட்கவே மாட்டாளே, இன்றைக்குக் கேட்கிறாளே என்று தோசையைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன். பாசத்தில் கேட்டாள் என்று நினைத்தேன். காலையில் போடி வெயிலிலேயே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். மேலே குளிரும் என்று முன்யோசனையாகப் போட்டுக்கொண்டாள், சமர்த்து என்று நினைத்தேன். மலை ஏறுகிற வளைவுகளில் ஜீப் குலுங்கிய குலுக்கலுக்கெல்லாம் என் மேலே சாய்ந்து கொட்டாவி விட்டாள்.

காலால் பிறந்தவள்

ஸ்டோருக்கே திரும்பி வருகிறேன்.

சுகந்தி அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, “எலும்புல ஏதோ ஆயிருக்கும்க்கா. தேனிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்” என்றாள்.

“நகரு. நான் பாக்குறேன்” என்றேன்.

இங்கே என் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறக்கும்போது தலைக்குப் பதில் கால்தான் முதலில் வந்ததாம். எங்கள் பக்கம் காலால் பிறந்தவர்களுக்குத் தனி மரியாதை. அவர்கள் தொட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம்பிக்கை. இடுப்புப் பிடிப்பு என்றால் அந்த ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, நான் காலால் லேசாக மிதித்துவிட வேண்டும். கை கால் என்றால் எண்ணெய் போட்டு நீவ வேண்டும். மருந்துப் படிப்புப் படித்துப் பட்டயம் வாங்கி, அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். ஆனாலும் மாத்திரை வாங்க வருகிறவர்கள், “அப்பிடியே ஒரு மிதி மிதிச்சு விடுத்தா” என்பார்கள். நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மிதித்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. சுகந்தி தலையால் பிறந்தவள். அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அது இதுதான்.

“சுளுக்குதான். எண்ணெயச் சுட வச்சுக் கொண்டா” என்றேன்.

“யக்கா, வேணாம்க்கா.”

“எனக்குத் தெரியும்டி. கொண்டா.”

அவள் அசையவில்லை. நானே போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தேன். யாழினியை என் எதிரில் உட்கார வைத்து, அந்தக் கையை என் முழங்கால் மேலே வைத்து நீவ ஆரம்பித்தேன்.

பிள்ளை கையை இழுக்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. “வலிக்குதாத்தா?” என்றேன். “இல்லம்மா” என்றாள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பார்த்தாயா என்பது மாதிரி சுகந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டை விரலை அழுத்தி இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

யாழினி கொட்டாவி விட்டாள். உடனே இன்னொன்று. வாயை மூட முடியாமல், கண்ணில் நீர் முட்ட, அடுத்தடுத்து விட்டாள்.

சுகந்தி பாய்ந்து என் கையைப் பிடித்தாள். விளையாட்டுப் பிடி இல்லை, எனக்கே வலித்தது.

“விடுங்கக்கா! கொட்டாவி விடுறா பாருங்க!”

“காலையில வெள்ளன எந்திரிச்சா, தூக்கம் வருது. அதுக்கு என்னா இப்ப?”

“தூக்கமில்லக்கா. அவளுக்கு வலிச்சா கொட்டாவி வரும். ரொம்ப வலிச்சா நிக்காம வரும்.”

தார்ப்பாயில் கவின் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

“போன லீவுல கொளவி கொட்டுச்சுல்ல, அப்ப பாத்தேன். அதுக்கு முந்தி கதவுல வெரலு நசுங்குனப்பவும் இப்பிடித்தான்.”

“கதவுல நசுங்குச்சா? எந்த வெரலு? எப்ப?”

சுகந்தி யாழினியைப் பார்த்தாள். யாழினி தார்ப்பாயைப் பார்த்தாள்.

“ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாக்கா.”

என் பிள்ளையும் அவளும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒரு விரலை மறைத்து வைத்திருக்கிறார்கள். நான் எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தை வெளியே விட்டெறிந்தேன்.

ஒரு ஆள்தான் உள்ளே

கொழுந்தனார் ஜீப்பை எடுத்தார். ஐந்து பேரும் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் யாழினியை மடியில் வைத்துக்கொண்டேன். சுகந்தி கேட்டும் கொடுக்கவில்லை. வழியெல்லாம் நான் அழுதேன். நான் அழுவதைப் பார்த்து கவின் அழுதான். யாழினி நல்லாயிருந்த கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, “ஒண்ணுமில்லம்மா” என்றாள்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பு முறிந்து லேசாக விலகியிருந்தது. டாக்டர், “நேராக்கி மாவுக்கட்டுப் போடணும். ஊசி போட்டுத்தான் செய்வோம், ஆனாலும் கொஞ்சம் தெரியும். கூட ஒரு ஆள் மட்டும் வாங்க” என்றார்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

டாக்டர் நல்ல மனுஷன். குனிந்து பிள்ளையிடம், “பாப்பா, யாரு வரணும்?” என்று கேட்டுத் தொலைத்தார்.

யாழினி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் வீங்கிய கண்ணையும் சிவந்த மூக்கையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“சித்தி.”

கதவு மூடிக்கொண்டது. பத்து மாதம் சுமந்தவள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொறாமை வந்தால் ஆளையே வெட்டிப் போடத் தோன்றும் என்பார்களே, அது மிகையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே என் மகள் சுகந்தி கையைப் பிடித்திருப்பாள். கொட்டாவி விட்டிருப்பாள். அந்தக் கொட்டாவியைச் சுகந்தி பார்த்திருப்பாள். எனக்கு அந்தக் கொட்டாவி வேண்டும்போல இருந்தது.

கவின் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தான்.

“சத்தமே இல்லம்மா. அவளுக்கும் சேத்து நான் கத்தட்டுமா?”

“கத்துடா” என்றேன். அவன் நிஜமாகவே கத்திவிட்டான். நர்ஸ் ஓடி வந்து எங்களை மாடிப்படிப் பக்கம் அனுப்பினார்.

கட்டுப் போட்டு வெளியே வந்த பிறகு சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள், “பசிக்குதுக்கா, இட்லி சாப்புடுவமா?” என்று மட்டும் கேட்டாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. அதையும் நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அவள் போட்ட நிபந்தனை

வீட்டுக்கு வந்த மறுநாளே கேட்டுவிட்டேன். மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஜாதி இல்லை நான்.

“ஏன்த்தா, வலிச்சா அம்மாகிட்ட சொல்ல மாட்டியா? சித்திதான் ஒசத்தியா?”

யாழினி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“சொன்னா நீ அழுவ. அப்பறம் ஒன்னையச் சமாதானப்படுத்தணும். எனக்கு வலிக்கும்போது அது கஷ்டமா இருக்கும்மா.”

“சித்தி அழ மாட்டாளா?”

“சித்திகிட்ட சொல்லவே வேணாம். அதுக்கே தெரியும்.”

அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

அதன் பிறகு சில நாள் பிள்ளையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அவள் வாயைத் திறந்தாலே ஓடிப்போய், “வலிக்குதா? எங்க?” என்று கேட்டேன். ஒருதடவை அவள் பாட்டுப் பாடத்தான் வாயைத் திறந்திருந்தாள். “அம்மா, சும்மா இரும்மா” என்று எரிந்து விழுந்தாள். சுகந்தி தினமும் போன் பண்ணினாள். யாழினி போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாள். நான் துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே போவேன். அவர்கள் பேசியதெல்லாம் தோட்டத்து நாய்க்குட்டியைப் பற்றித்தான். அதற்கும் எனக்கு எரிந்தது.

ஒரு நாள் மத்தியானம். கடையில் ஆள் இல்லாத நேரம். பள்ளிக்கூடம் அரை நாள்தான் என்று யாழினி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் சரக்குச் சீட்டைப் பார்த்து, வந்த மருந்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அம்மா.”

“என்னத்தா?”

“அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

“எதுக்கு?”

“திரும்பேன். நான் சொல்ற வரைக்கும் இங்கிட்டுப் பாக்கக் கூடாது.”

மருந்து அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். மூக்குக்கு நேராக இருமல் மருந்து டப்பாக்கள் இருந்தன.

“கட்டுக்குள்ள வலிக்குதும்மா” என்றாள் யாழினி.

என் முதுகிடம் சொன்னாள். குரல் ஒரே சீராக வந்தது. “ராத்திரி திரும்பிப் படுத்தா எலும்புக்குள்ள யாரோ திருகுற மாதிரி இருக்கு. எழுதுனா தோளு வரைக்கும் வருது. பசங்க கட்டுல பேரெழுதுறேன்னு அமுக்குனாங்க, அப்ப கண்ணெல்லாம் இருட்டுச்சு. அன்னைக்கு நீ எண்ணெய் போட்டு இழுத்தீல்ல, அதுதான் எல்லாத்தையும் விட வலிச்சது.”

கண்ணீர் கொட்டிக்கொண்டு வந்தது. துடைத்தால் முழங்கை அசையும், அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அப்படியே வழிய விட்டேன். மூக்கையும் உறிஞ்சவில்லை. என் வாழ்நாளில் சத்தமில்லாமல் அழுதது அதுதான் முதல் தடவை.

“சித்திகிட்ட சொன்னியா?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

“இல்ல. ஒங்கிட்டதான் சொல்றேன்.”

அவள் இன்னும் நிறைய சொன்னாள். காது குத்திய அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொன்னாள். கதவில் நசுங்கியது எந்த விரல் என்று சொன்னாள்.

அப்போது கடைப்படியில் யாரோ ஏறும் சத்தம். “யக்கா, தலவலி மண்டையப் பொளக்குது. வெரசா ஒரு மாத்திர குடுங்க” என்று ஒரு ஆண் குரல்.

எனக்குத் திரும்பவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை. இருமல் மருந்தைப் பார்த்தபடியே நின்றேன்.

பின்னால் யாழினி அவரிடம் சொன்னாள்:

“கொஞ்சம் இருங்கண்ணே. அம்மா என் சோலியா இருக்கு.”